ஆரத்திக்கு முன் அப்லோடு வேண்டாம்

எங்கள் வீட்டில் கல்யாணக் கணக்கு என் பொறுப்பு. தங்கைக்கு ஆவணியில் முகூர்த்தம். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் அதே வாரத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். அதனால் பட்டர்வொர்த் மண்டபத்திலிருந்து மேக்கப் அக்கா வரை எல்லோருக்கும் எப்போதோ முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எக்செல்லில் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறேன்: மண்டபம், சாப்பாடு, டெக்கோ, நாதஸ்வரம், ஐயர், புகைப்படம், வீடியோ. போன மாதம் திறந்து பார்த்தால் வீடியோவுக்குக் கீழே தங்கை தானாகவே ஒரு வரியைச் செருகியிருந்தாள். ‘கன்டென்ட் கிரியேட்டர் – 1,200 வெள்ளி’. பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகைப்படத்துக்கு இரண்டு பேர், வீடியோவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் டிரோன் வேறு கொண்டு வருகிறார். இதற்கு மேல் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் எதற்கு? மண்டபத்தில் நானூறு பேர் இருப்பார்கள், நானூறு பேரிடமும் போன் இருக்கும். தங்கை பொறுமையாக விளக்கினாள். வீடியோக்காரர் படத்தை வெட்டி ஒட்டிக் கொடுக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்தக் கன்டென்ட் கிரியேட்டர் பெண் மறுநாளே எல்லாக் கிளிப்பையும் கொடுத்துவிடுவாள். அவர்கள் படுக்கை வாட்டில் எடுப்பார்கள். இவள் போனில் பார்க்கிற மாதிரி நெட்டுவாட்டில் எடுப்பாள். மூன்று ரீல் அவளே தயார் செய்து தருவாள், அதில் ஒன்று அன்றைக்கே. “அக்கா, மூணு மாசம் கழிச்சு யாரு என் கல்யாணத்தைப் பார்ப்பா?” என்றாள். உன்னைக் கட்டிக்கொள்பவன் பார்ப்பான் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

தங்கையும் மாப்பிள்ளையும் சட்டப்படி ஏற்கெனவே கணவன் மனைவி. ஜே.பி.என்.னில், அதாவது தேசியப் பதிவுத் துறையில், பதிவு முடிந்துவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்ததிலிருந்து மலேசியாவில் பதிவு செய்தால்தான் கல்யாணம் செல்லும். அப்படிப் பார்த்தால் இவர்கள் வாழ்க்கையின் முக்கியமான நாளை நான் என் பழைய போனில் ஒரே ஒரு படமாக எடுத்தேன். அதில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார். யாருக்கும் வருத்தமில்லை, அன்றைக்கு எந்த ரீலும் யாரும் கேட்கவில்லை. மண்டபத்தில் நடப்பதற்குத்தான் பார்க்கிறவர்கள் வேண்டும். அது என்றைக்கும் அப்படித்தான், அதில் தப்பும் இல்லை. பந்தல் போடுவதும் மேளம் கொட்டுவதும் ஊர் பார்க்கத்தானே.

தாமரைக்குள் முகம்

பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பெருமூச்சு வரும், ‘எங்க காலத்துல இப்படியா’ என்று. அவர்கள் காலம் எனக்கு ஓரளவு தெரியும். அப்பா அம்மா கல்யாணம் 1985இல், சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலில். ஒரு ஃபிலிம் ரோல், 36 படம். அதில் தாலி கட்டும் படம் இல்லை, ஏனென்றால் போட்டோக்காரர் அந்த நேரம் ரோல் மாற்றிக்கொண்டிருந்தாராம். அந்தக் கல்யாணத்துக்கு இன்றைக்கும் இருக்கிற நம்பகமான சாட்சி மொய் நோட்டுதான். யார் வந்தார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார்கள், எத்தனை வெள்ளி வைத்தார்கள் என்று தாத்தாவின் கோணல் எழுத்தில் எல்லாம் இருக்கிறது. அம்மா இன்னும் அதைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்கிறார்.

சித்தி கல்யாணம் 1991இல். அதற்குள் வீடியோ கேசட் வந்துவிட்டது. அந்தக் கேசட்டை நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறோம். முதலில் ஒரு தாமரை மலரும், அதற்குள் சித்தியின் முகம். அப்புறம் சித்தப்பா முகம் சுழன்று சுழன்று வந்து ஒரு இதயத்துக்குள் உட்காரும். பின்னணியில் சினிமாப் பாட்டு. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருப்பார், கேட்பதோ டூயட். இன்றைக்கு ரீலைப் பார்த்து முகம் சுளிக்கிற அதே சித்திதான் அந்தத் தாமரையை அன்றைக்குக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கினவர். இதை நான் அவரிடம் சொன்னேன். “அது வேற, இது வேற” என்றார். எது வேறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேசட்டில் இப்போது பூஞ்சை பிடித்துவிட்டது, நம் ஊர் ஈரத்துக்கு அது தப்பாது.

அப்புறம் கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மாமா மகன் கல்யாணத்தை நாங்கள் எல்லோரும் பேஸ்புக் லைவில் பார்த்தோம். அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு போன் மேல் போட்ட குடும்பம் இது. வெட்கமெல்லாம் அப்போதே போய்விட்டது.

அதனால் ‘விளம்பர மோகம்’ என்று ஒரே வார்த்தையில் தங்கையின் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சரி என்றும் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

போனைப் பிடித்தவள் படத்தில் இல்லை

கொஞ்ச நாள் முன்னால் கோலாலம்பூரில் ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவள் இப்படி யாரையும் வைக்கவில்லை. அதற்குப் பதில் அவளுடைய தங்கை இருந்தாள். பாவம், காலை நாலு மணிக்கு மேக்கப்பில் தொடங்கி ராத்திரி டின்னர் முடியும் வரை அக்காவின் போன் ஒரு கையில், தன் போன் இன்னொரு கையில், பவர் பேங்க் இடுப்பில். மாலை மாற்றும்போது போட்டோக்காரர் அவளைத் தள்ளிப் போகச் சொல்லிக் கத்துகிறார். மேடையிலிருந்து அக்கா, “எடுத்தியா? எடுத்தியா?” என்று கண்ணால் கேட்கிறாள். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள். பிறகு ஆல்பம் வந்தபோது பார்த்தேன். சொந்த அக்காவின் கல்யாணத்தில் அவள் முகம் இருக்கிற படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதியில் முகத்துக்கு முன்னால் போன்.

1,200 வெள்ளியை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆள் வைக்காவிட்டால் வேலை இல்லாமல் போய்விடாது. வீட்டில் கல்யாணமாகாத பெண் யாரோ ஒருத்தி தலையில் அது விழும். எங்கள் வீட்டில் அது யார் என்று யோசித்தேன். சித்தி மகள். அவளும் இதை எதிர்பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். கேட்டதும், “ஆள் வெச்சிருங்க அக்கா, நான் வேணும்னா நூறு வெள்ளி போடுறேன்” என்றாள்.

ஆக, போய்ப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பெண் பிறையிலிருந்து வந்திருந்தாள், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தே தாரேக் ஆறுகிற வரைக்கும் வேலையைப் பற்றித்தான் பேசினாள், தன் திறமையைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. தாலி கட்டும் நேரத்தில் ஐயருக்கும் கேமராவுக்கும் நடுவில் போய் நிற்க மாட்டாளாம்; போட்டோக்காரரிடம் முன்கூட்டியே பேசி ஒரு பக்கமாக இடம் பிடித்துக்கொள்வாளாம். ஒரு நிமிடக் கிளிப் 4கே-யில் எடுத்தால் 170 எம்பி வரை வருமாம், இன்னும் நைசாக வேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கு மேல். இலவச கூகள் கணக்கின் 15 ஜிபி-யில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது, அதனால் லிங்க் கொடுத்தவுடனே இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். இரண்டு வாரத்தில் அழித்துவிடுவாளாம்.

அப்புறம் வேறொரு கல்யாணத்தில் எடுத்த ஒரு கிளிப்பைக் காட்டினாள். அந்த வீட்டார் அனுமதியோடு வைத்திருப்பது. மணப்பெண் முகத்தைக் காட்டவில்லை. ஒரு பாட்டி மணப்பெண்ணின் சடையில் மல்லிகைச் சரத்தைச் சொருகிக்கொண்டே யாரையோ திட்டுகிறார்: “ஊசியை இப்படியா குத்துவாங்க, புள்ளைக்கு மண்டை வலிக்காது?” அந்தப் பக்கம் ஒரு குழந்தை மைலோ கேட்கிறது. கண்ணாடி வளையல் சத்தம். இருபது நொடி இருக்கும். வீடியோக்காரர் கொடுக்கிற படத்தில் இந்தச் சத்தம் எதுவும் மிஞ்சாது; மேலே பாட்டுப் போட்டு மூடிவிடுவார். சித்தி கேசட்டில் நாதஸ்வரத்துக்கு நடந்ததும் அதுதான். எங்கள் பாட்டி குரல் எங்களிடம் எதிலும் இல்லை. அந்த இருபது நொடியைப் பார்த்த பிறகு பணம் பெரிதாகத் தெரியவில்லை.

யார் முகம் வரக்கூடாது?

எழுந்திருக்கப் போகும்போது அவள் போனில் நோட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, யார் யார் முகம் வெளியில வரக்கூடாது?”

தங்கை சிரித்தாள். அப்படி யாரும் இல்லையே என்றாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “எல்லா வீட்டுலயும் இருப்பாங்க அக்கா. ஆரம்பத்துல நான் கேட்காம ஒரு ரீல் போட்டேன். அன்னிக்கு ராத்திரியே எடுக்க வேண்டியதாயிருச்சு.” என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “வீட்டுல உட்கார்ந்து ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க” என்றாள்.

அன்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தது பதினொரு மணி தாண்டிப் போயிற்று. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர் அன்றைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) போட்டுவிட்டுத்தான் வரப் போகிறார். அவருடைய சூப்பர்வைசர் டிக்டாக்கிலேயே குடியிருக்கிறவர். மதம் மாறிய ஒரு உறவினர், ஓரமாக வந்து மொய் வைத்துவிட்டுப் போவார், அவர் வந்தது அவர் வீட்டுக்குத் தெரியக்கூடாது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கிற ஒரு அக்கா. அவர் பட்டுப் புடவையும் நகையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் கிளிப் எதிர்த்தரப்புக் கையில் என்னவாகும் என்று அம்மாவே யோசித்துச் சொன்னார். பிள்ளைகளின் முகத்தை எங்கேயும் போட மாட்டோம் என்று உறுதியாக இருக்கிற ஒரு தம்பதி. கூப்பிட முடியாமல் போன தோட்டத்து உறவுகள் வேறு. மண்டபத்தில் இடம் இல்லை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம், ரீலில் காலி நாற்காலி தெரிந்தால் போச்சு.

“உங்க பெரியம்மா பேரை முதல்ல எழுது” என்றார் அம்மா. பெரியப்பா போய்ச் சில வருஷமாகிறது. அதிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் முகூர்த்த நேரத்தில் பெரியம்மா பின்னால், சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய் நின்றுகொள்வார். யாரும் போகச் சொன்னதில்லை; யாரும் போகாதே என்றும் சொன்னதில்லை. எழுதிவிட்டேன். ஆனால் மற்றவர்களிடமெல்லாம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளும்போது பெரியம்மாவை மட்டும் கேட்காமல் விடுவது சரியாகப் படவில்லை. மறுநாள் போன் போட்டேன்.

“யாரு சொன்னா நான் வரக்கூடாதுன்னு?” என்றார் பெரியம்மா. கோபம் இல்லை, ஆச்சரியம்தான். “நல்லா எடுக்கச் சொல்லு. உன் கல்யாணத்துல தாலி கட்டினதை நான் முன்னாடி உட்கார்ந்து பார்த்தேன். இவ கல்யாணத்துல அப்படிப் பார்க்க முடியாதே. அந்தப் பொண்ணு கிட்ட நின்னு எடுக்கும்தானே, அதை எனக்கு அன்னிக்கே வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லு. ஊருக்குப் போட வேணாம். எனக்கு அனுப்பு.”

சித்தி அன்றைக்குச் சொன்ன ‘அது வேற, இது வேற’ எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தாமரைக் கேசட் எங்கள் அலமாரியில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு வர வேண்டும், வந்தவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், காபி போட்டுக் கொடுப்போம். மொய் நோட்டும் அப்படியே. எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கட்டும், எத்தனை கேமரா வேண்டுமானாலும் வரட்டும். போடுகிற பொத்தான் யார் விரலில் இருக்கிறது என்பதைத்தான் நாங்கள் பேசியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை நாளும் ‘வைக்கலாமா வேண்டாமா’ என்றே பேசிக்கொண்டிருந்தோம். பெரியம்மா இரண்டையும் ஒரே மூச்சில் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அவரை முன்வரிசையில் உட்கார வைப்பது பற்றி அம்மாவிடம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

முந்நூறு வெள்ளி

பட்டியலை அனுப்பிவிட்டு, அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கிளிப்புகளைப் போடுவாளா என்று கேட்டேன். போடுவாளாம். அவளுக்குக் கடை வாசல் அதுதான். அதைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணம் வரும். 1,200 என்பது அதையும் சேர்த்துக் கணக்குப் போட்ட விலை. எதையும் போடக்கூடாது என்றால் 1,500. ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னாள். கணக்குப் பார்க்கிறவள் என்பதால் எனக்கு அந்த எண் மனதில் பதிந்துவிட்டது: எங்கள் குடும்பத்து முகங்களுக்கு ஜார்ஜ்டவுன் சந்தையில் முந்நூறு வெள்ளி போகிறது. குறைவு என்று கோபப்படுவதா, இதை யாரும் கேட்காமலே போன கல்யாணங்களை நினைத்துக் கவலைப்படுவதா என்று தெரியவில்லை. போட்டோக்காரரின் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் ஒரு வரி இருக்கிறது, பொடி எழுத்தில். நாங்கள் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவரிடமும் பேசிச் சரி செய்தாயிற்று.

இந்தப் பெண்ணிடம் பேரம் 1,300க்கு முடிந்தது. அலங்காரம், மருதாணிக் கை, மாலை, விளக்கு இதெல்லாம் அவள் போட்டுக்கொள்ளலாம். மணமக்கள் முகம் வருகிற கிளிப் என்றால் தங்கை பார்த்துச் சரி சொன்ன பிறகு. மற்றவர்கள் முகம் கிடையவே கிடையாது. மணமேடையில் நின்று பாட்டுக்கு வாயசைப்பது, நடந்து வந்ததையே மறுபடி நடந்து வரச் சொல்வது இரண்டும் வேண்டாம் என்றேன். இதில் தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம். டின்னரில் வேண்டுமானால் ஆடிக்கொள் என்று விட்டுவிட்டேன். ரீலுக்குப் பாட்டு வேண்டாம், நாதஸ்வரமே இருக்கட்டும் என்றதும் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம். அவளுடையது வியாபாரக் கணக்கு. இன்ஸ்டாகிராமில் அந்த மாதிரிக் கணக்குகளுக்கு நினைத்த சினிமாப் பாட்டெல்லாம் கிடைக்காது.

பாக்கி இருந்தது ‘அன்றைக்கே ஒரு ரீல்’. இதில்தான் அம்மா நுழைந்தார். கண் பட்டுவிடும் என்றார். தங்கை கண்ணை உருட்டினாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மண்டபத்தில் பார்த்தவர்கள் கண்ணெல்லாம் பட்டு, மணமக்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஆரத்தி சுற்றி, அதைத் தெருவில் கொட்டிய பிறகுதான் ஒரு கல்யாணம் முடிகிறது. அதற்கு முன்னாலேயே பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டால் எந்தத் தட்டு தாங்கும் என்பது அவர் கேள்வி. எனக்குத் திருஷ்டியில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும், மணப்பெண் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் கல்யாணத்துக்கு யாரோ முன்பின் தெரியாத ஒருவர் ‘புடவைக் கலர் சரியில்லை’ என்று கமென்ட் போட, அதை அவள் மேடையில் உட்கார்ந்து படிப்பாள் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் அம்மாவின் வார்த்தையிலேயே எழுதினோம்: ‘மணமக்கள் வீட்டுக்குள் நுழைந்து ஆரத்தி எடுத்த பிறகே எதையும் பதிவேற்றலாம்.’ அந்தப் பெண் படித்துவிட்டு, இந்த வரியை மற்ற கல்யாணங்களுக்கும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு அவளை முதல் பந்தியிலேயே உட்கார வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

முன்பணம் 300 வெள்ளி கட்டியாகிவிட்டது. எக்செல் வரியில் தங்கை வைத்த சிரிப்பு முகத்தை நான் எடுக்கவில்லை. பட்டியலில் இன்னும் சேர வேண்டியவர் தாய்மாமா. வரக்கூடாது என்பதற்காக இல்லை. மாலை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் அவர் ஒரு ரீலிலாவது வந்தே ஆக வேண்டுமாம், முன்வழுக்கை தெரியாமல். அதையும் எழுதி அனுப்பினேன். ‘முயற்சி பண்றேன் அக்கா, மாமாவை லைட்டுக்கு நேரா நிக்காம இருக்கச் சொல்லுங்க’ என்று பதில் வந்திருக்கிறது.